வாப்பா செருமாத வீடு

எங்கள் ஊரில் வீடு பொம்பிளைகளுக்குச் சொந்தம். காயல்பட்டினத்தில் பெண் பிள்ளை பிறந்துவிட்டால் தொட்டிலுக்குச் சொல்லும்போதே செங்கலுக்கும் சொல்லி வைப்பார்கள். கல்யாணம் ஆனாலும் அவள் எங்கேயும் போக மாட்டாள். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு வருவார். அக்கா தங்கச்சிகளின் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும், நடுச்சுவரில் சின்னதாக ஒரு கதவு இருக்கும். அதற்கு அப்பால் அடுத்த வீடு, அதிலும் ஒரு கதவு, அதற்கப்பால் இன்னொன்று. தெரு என்று ஒன்று இருப்பதே எங்களுக்கு மறந்துபோகும். அது ஆம்பிளைகள் நடக்கிற இடம். உலகம் முழுக்க இப்படி வீட்டுக்குள் வீடாகத்தான் இருக்கிறது, கதவு கதவாகத் திறந்துகொண்டே போனால் மக்கா வரைக்கும் போய்விடலாம் என்று ஏழு வயது வரை நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

எந்நேரமும் பொம்பிளைகள் வந்து போகிற வீடாக இருப்பதால் ஆம்பிளைகள் நினைத்த மாதிரி உள்ளே நுழைந்துவிட முடியாது. வாசலில் நின்று செரும வேண்டும். 'க்கும்' என்று தொண்டைச் சத்தம் கேட்டதும் பக்கத்து வீட்டுக்காரிகள் தலையை மூடிக்கொண்டு சுவர்க்கதவு வழியாக மறைந்துவிடுவார்கள். அதற்கப்புறம்தான் சொந்தப் புருசனே ஆனாலும் உள்ளே வரலாம். உம்மாவின் அக்காவை நான் பெரிம்மா என்பேன். அவள் மாப்பிள்ளை செருமினால் ஓட்டுமேல் உட்கார்ந்திருக்கிற புறாவெல்லாம் எழும்பிப் பறக்கும்.

என் வாப்பா செருமுவது மட்டும் ஒருத்தருக்கும் கேட்காது. கொழும்பில் ஒரு துணிக்கடையில் இருந்த மனுசர், வருசத்துக்கு ஒரு தடவை வருவார். செருமக்கூடக் கூச்சம். ஒரு பெருநாளைக்கு அப்படி வந்தவர், உள்ளே பேச்சும் சிரிப்புமாக இருந்ததில் யாருக்கும் கேட்காமல், கையில் பெட்டியோடு வாசலிலேயே வெகுநேரம் நின்றிருக்கிறார். தண்ணீர்க்காரன் பார்த்துவிட்டுச் சத்தம் போட்ட பிறகுதான் தெரிந்தது. அந்தப் பெருநாள் முழுக்க வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். வாப்பாவும் சேர்ந்துதான் சிரித்தார்.

உலகச் சண்டை முடிந்த மறுவருசம் வாப்பா கொழும்புக்குத் திரும்பிப் போகவில்லை. தூத்துக்குடியில் துறைமுகத்துப் பக்கம் தோணிகளுக்குக் கயிறும் பாய்ச்சீலையும் விற்கிற ஒரு சின்னக் கடை போட்டார். போட்டதோடு விட்டாரா? அங்கேயே ஒரு வீடும் பிடித்து, எங்களையும் அழைத்துப் போகப் போவதாகச் சொன்னார். எங்கள் தெருவே வாயில் கை வைத்தது. பொம்பிளையைக் கூட்டிக்கொண்டு போய்க் குடித்தனம் வைப்பதா, இது என்ன புதுக் கூத்து என்றார்கள். உம்மா என்ன நினைத்தாளோ, சரி என்று சொல்லிவிட்டாள். வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, திருநெல்வேலி போய் ரயில் மாறி, ஒரு பகல் முழுக்கப் பிரயாணம் செய்து வந்து சேர்ந்தோம்.

அந்த வீட்டுக்கு இரண்டு அறை, ஒரு முற்றம், ஒரு கிணறு. சுவரில் எங்கும் கதவு இல்லை. வந்த அன்றைக்கே நான் தடவித் தடவிப் பார்த்துவிட்டேன். முன்கதவைத் திறந்தால் நேரே தெரு. உப்பு வண்டியும் பஞ்சு வண்டியும் வாசலை உரசிக்கொண்டு போகும். எங்கே பார்த்தாலும் வெளிச்சம். தூரத்தில் உப்பு அம்பாரம் வெள்ளையாகக் கிடக்கும். கப்பல் ஊதுகிற சத்தம் கேட்டால் எனக்கு யாரோ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும், 'என்னா' என்று எழுந்து நிற்பேன்.

வாப்பாவுக்குக் கொண்டாட்டம். முதல் வேலையாக ஒரு சுத்தியலை வாங்கி வந்து, தன் கையாலேயே சுவரில் ஆணி அடித்து, அதில் தன் சட்டையைத் தொங்கவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். மறுநாள் இன்னொரு ஆணி அடித்தார். அதில் மாட்டுவதற்கு ஒன்றும் இல்லை. சாயங்காலம் கடை அடைத்து வந்தால் செருமவே மாட்டார். தெருமுனையிலேயே ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்து, கதவைத் தள்ளிக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போய், பலகையைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். உம்மா சமைப்பதைப் பார்த்துக்கொண்டே அன்றைக்கு வந்த தோணிகளின் கதையெல்லாம் சொல்லுவார். எங்கள் வாப்பா இவ்வளவு பேசுவார் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. அவர் மடியில் தலை வைத்து அந்தக் கதைகளைக் கேட்டபடி தூங்கிப்போவேன். அதைப்போல ஒரு தூக்கம் பிறகு எனக்கு வாய்த்ததில்லை.

உம்மாவுக்குத்தான் ஒன்றும் ஒட்டவில்லை. கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் பருப்பைப் போட்டால் விடிய விடிய எரித்தாலும் பருப்பு பருப்பாகவே கிடக்கும். "வந்திரிக்கவே வேணாம்" என்பாள். துவைத்துப் போட்ட துணி கடல்காற்றில் காய்ந்தும் காயாமல் பிசுபிசுக்கும். "வந்திரிக்கவே வேணாம்." கப்பல் ஊதும், கையில் இருக்கிற பாத்திரம் நழுவும். "யா அல்லா, வந்திரிக்கவே வேணாம்." சண்டை போடுகிற மாதிரியோ அழுகிற மாதிரியோ சொல்ல மாட்டாள். மூச்சு விடுகிற மாதிரி அது பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும். வாப்பா காதில் விழாத மாதிரி அடுத்த தோணியின் கதைக்குப் போய்விடுவார்.

ஒரு நாள் மத்தியானம் உம்மா கிணற்றடிச் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அக்கா யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். தோணிக்காரர் வீடு அது, மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்கள். என்ன பேசினாள் என்று எங்களுக்கு என்ன வந்தது? மீன் விலையாக இருக்கும். உம்மா அதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நான் துப்பட்டியை இழுத்ததும் சட்டென்று விலகி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று உள்ளே போனாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. பெரிம்மாவைக் கூட்டிவந்துவிட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். எப்படிப் போவது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை, பக்கத்து வீட்டுக்குப் போய், அங்கிருந்து அடுத்த வீட்டுக்குப் போய், அப்படியே போய்க்கொண்டிருந்தால் பெரிம்மா வீடு வந்துதானே ஆக வேண்டும்! இந்த ஊர்க்காரர்கள் கதவை எங்கேயோ மறைத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கிணற்றடிச் சுவர் ஒரு மூலையில் இடிந்து, ஓலைத்தட்டி வைத்து மறைத்திருந்தது. தட்டியை விலக்கிக்கொண்டு நுழைந்தேன்.

தோணிக்காரர் வீட்டு அக்கா மீன் செதிளைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கை முழுக்கச் செதிள் மினுமினுத்தது. "ஏளா, நீ சாயபு வீட்டுப் பிள்ளைல்லா? எங்கன போற?" என்றாள். அடுத்த வீட்டுக்கு வாசல் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எல்லாரும் தெரு வழியாத்தான்ளா போவாவ. சரி, குசினிக்குள்ள கிடந்து பாரு, இருந்தாலும் இருக்கும்" என்று கேலியாகச் சொல்லிவிட்டு மீனைப் பார்க்கப் போய்விட்டாள். அவள் அடுப்படியைத் தாண்டி உள்ளே போனால் சுவரில் ஒரு படம். நீலத் துப்பட்டி போர்த்திய ஒரு உம்மா பிள்ளையை ஏந்திக்கொண்டு நின்றாள், முன்னால் ஒரு விளக்கு. வீட்டுப் பெரியவர்கள் யாரோ என்று ஸலாம் சொல்லிவிட்டு, பின்பக்க வேலிச் சந்தில் வெளியேறினேன்.

அடுத்தது கருப்பட்டி வியாபாரி வீடு. உள்ளே இருட்டு. அந்த இருட்டே இனித்தது. ஓலைக் கொட்டான்கள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. நடுவில் ஒரு அண்ணாச்சி சாக்கின் மேல் மல்லாந்து தூங்கினார். அவர் நெற்றியில் ஒரு எறும்பு வழி தேடிக்கொண்டிருந்தது. அவர் வீட்டுக்காரி விசிறியை நிறுத்திவிட்டு யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டாள். பெரிம்மா வீட்டுக்குப் போகிறேன் என்றேன். அது அவளுக்குப் போதுமான பதிலாக இருந்திருக்கிறது. ஒரு துண்டு கருப்பட்டியைக் கையில் வைத்து, சத்தம் போடாமல் போ என்றாள். இப்போது நினைத்தாலும் இதெல்லாம் கனவா என்றுதான் இருக்கிறது. ஒருத்தராவது என் காதைத் திருகி வீட்டுக்கு இழுத்துப்போகக் கூடாதா?

அப்புறம் ஒரு நீளமான கொட்டகை. தோணிப் பாய்களைத் தைத்துக் காயப் போட்டிருந்தார்கள். ஆள் யாரும் இல்லை. வெள்ளை வெள்ளையாகத் தொங்கிய பாய்களை விலக்கி விலக்கிப் போனேன். ஒவ்வொன்றையும் விலக்கும்போது அடுத்ததற்குப் பின்னால் பெரிம்மாவின் வெற்றிலை வாசம் வந்துவிடும் என்று இருந்தது. கடைசிப் பாயை விலக்கினேன். கடல்.

அதற்கப்புறம் வீடே இல்லை. தோணிகள் ஆடிக்கொண்டு நின்றன. தண்ணீர் கண்ணுக்கு எட்டிய மட்டும் போனது. நான் அழவில்லை. கருப்பட்டியை நக்கிக்கொண்டு, இதில் கதவை எங்கே வைத்திருப்பார்கள் என்று தேடிக்கொண்டு நின்றேன்.

தோணிக்குக் கயிறு கொடுக்க வந்திருந்த வாப்பா என்னைப் பார்த்துவிட்டு, கயிற்றைப் போட்டது போட்டபடி ஓடி வந்தார். எங்கே வந்தாய் என்று கேட்டார்.

"வூட்டுக்குப் போறேன் வாப்பா."

"நம்ம வூடு இந்தா இங்கன இரிக்கே?"

"அது உங்க வூடு வாப்பா. நம்ம வூடு காயல்லல்லா இரிக்கி" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். எங்கள் ஊரில் எந்த வாப்பாவுக்கு வீடு இருக்கிறது? என் வாப்பாவுக்கு இருக்கிறதே! அவர் சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். அவர் போட்ட கயிற்றைக்கூட எடுக்காமல் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார்.

எங்கள் தெருவில் கூட்டமாக இருந்தது. உம்மா நடுத்தெருவில் நின்றாள். துப்பட்டி இல்லை. தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. வண்டிக்காரர்கள் எல்லாரும் பார்க்க, பேர் சொல்லி என்னைக் கூவிக்கொண்டிருந்தாள். தோணிக்காரர் வீட்டு அக்கா தன் முந்தானையால் உம்மாவின் தலையை மூட ஓடி ஓடிப் பார்க்கிறாள், உம்மா நிற்கவில்லை. என்னைக் கண்டதும் இழுத்துக் கட்டிக்கொண்டு, முதுகில் இரண்டு சாத்து சாத்தி, மறுபடியும் கட்டிக்கொண்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் வாப்பா அடுப்படிப் பலகையில் உட்கார்ந்தார். தோணிக் கதை ஒன்றும் வரவில்லை. பருப்பு வேகாமல் கொதித்துக்கொண்டிருந்தது. "வந்திரிக்கவே வேணாம்" என்றாள் உம்மா.

"சரி, ஊருக்கே போய்ருவோம். இந்த வெள்ளிக்கிழமையே கொண்டுபோய் விட்ருதேன்" என்றார் வாப்பா.

ஆசைப்பட்டுக் கேட்டது கிடைத்துவிட்டதே, உம்மா குதிப்பாள் என்று பார்த்தேன். அவள் வேகாத பருப்பை அகப்பையால் கிண்டிக்கொண்டிருந்தாள். "உங்க சோத்துக்கு?" என்றாள்.

"கிளப்புக்கடையில சாப்பிட்டுக்கிடுவேன். கடையிலயே படுத்துக்கிடலாம். எனக்கு என்ன, ஒத்தை ஆளு."

வெள்ளிக்கிழமை காலையில் ஆணியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். மறுபடியும் ரயில், மறுபடியும் திருநெல்வேலி. நான் சன்னலோரம் உட்கார்ந்து ஊர் வருகிறதா ஊர் வருகிறதா என்று கேட்டுக் கேட்டு எல்லாரையும் பாடாய்ப் படுத்தினேன். உம்மா என்னை அதட்டக்கூட இல்லை. வாப்பா தூங்குகிற மாதிரி கண்ணை மூடியிருந்தார்.

வண்டி எங்கள் வீட்டு வாசலில் நின்றதும் உம்மாவும் நானும் உள்ளே ஓடினோம். எல்லாச் சுவர்க்கதவும் திறந்தன. பெரிம்மா வந்தாள், அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று பொம்பிளைகள் வந்து நிறைந்துவிட்டார்கள். ஒருத்தி அழுகிறாள், ஒருத்தி சிரிக்கிறாள், மெலிந்துபோய்விட்டாயே என்று ஒருத்தி உம்மாவின் கன்னத்தைத் தடவுகிறாள். எனக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் வாசலில் சத்தம் கேட்டது. மெதுவாக, 'க்கும்' என்று. எட்டிப் பார்த்தேன். வாப்பா படிக்குக் கீழே, கையில் எங்கள் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். மறுபடியும் செருமினார். தூத்துக்குடியில் அத்தனை நாளும் அவர் தொண்டையில் ஒன்றும் இல்லாததால், வழியில் சளி பிடித்துவிட்டது என்று நினைத்தேன். "உம்மா, வாப்பாக்கு இருமல்! சுக்குக் காப்பி போட்டுக் குடுங்கோ!" என்று கத்தினேன்.

உம்மா பெரிம்மாவின் தோளிலிருந்து தலையை எடுத்தாள். வாசல் பக்கம் திரும்பினாள். அவ்வளவு பேருக்கு நடுவில், தனக்குத்தானே சொல்வது போல, "வந்திரிக்கவே வேணாம்" என்றாள்.

"அதான் ஊரு வந்து சேந்துட்டியேளா, இன்னும் என்ன பாட்டு?" என்றாள் பெரிம்மா. எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். தூத்துக்குடிப் பேச்சு உம்மாவின் நாக்கை விட்டு இன்னும் போகவில்லை என்று நானும் சிரித்தேன். வாப்பா அன்றைக்கு வாசலில் எவ்வளவு நேரம் நின்றாரோ, எனக்குத் தெரியாது. நான் சுவர்க்கதவைத் தள்ளிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடிவிட்டேன்.