விலையை மட்டும் ருசித்தவர்

மாப்பிள்ளை மூக்கும் முழியுமாக இருக்கிறார் என்று சொல்லித்தான் எங்கள் வீட்டில் எனக்கு அவரைக் கட்டிவைத்தார்கள். முழியைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். மூக்குதான் ஒரு காய்ச்சலோடு வேலைநிறுத்தம் செய்துவிட்டது.

படுத்து எழுந்தபோது உடம்பு தேறியிருந்தது, வாசனை மட்டும் திரும்பி வரவில்லை. வாசனை போனால் ருசியும் கூடவே போய்விடும் என்று எனக்கு அதுவரை தெரியாது. உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு என்று நாக்கு ஒப்புக்குச் சொல்லும், அதற்கு மேல் ஒன்றுமில்லை. நான் அடுப்பில் கருகவிட்டதைக் கூட இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். முதலில் சிரித்தேன். அப்புறம் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். மாடியில் மோட்டார் அறைக் கதவைத் திறந்ததுமே எது சூடேறியிருக்கிறது, எது கருகப் போகிறது என்று முகர்ந்தே சொல்லிவிடுவார். வேலையிடத்தில் அவருக்கு 'மோப்பம்' என்றுதான் பெயர். காய்ச்சலுக்குப் பிறகு அப்படி யாரும் கூப்பிடுவதில்லை. மரியாதையாக சார் என்கிறார்கள். அந்த மரியாதைதான் அவருக்கு வலித்தது.

காது மூக்கு தொண்டை டாக்டர், வந்தாலும் வரும், வராமலும் போகும் என்று கையை விரித்துவிட்டார். பிடித்த வாசனைகளை விடாமல் முகர்ந்து பழகச் சொன்னார். இவருக்குப் பிடித்தது என்ன என்று கேட்டால், பீர். அதுவும் கம்பெனி பாட்டில் இல்லை. பப்புக்குப் பின்னாலேயே தொட்டி வைத்துக் கடைக்காரர்களே காய்ச்சி ஊற்றுகிறார்களே, அந்த கிராஃப்ட் பீர். டாக்டர் மருந்துச் சீட்டில் எழுதிக்கொடுக்காத குறைதான்.

அன்றிலிருந்து சனிக்கிழமை மத்தியானம் எங்களுக்கு பப் என்றாகிவிட்டது. துணி ஆல்டர் செய்யும் கடையில் எனக்கு அன்று அரைநாள் வேலை. மெஷினை மூடிவிட்டு வெளியே வந்தால் வாசலில் தலைசீவி நிற்பார். நகரத்தில் ஒரு பப் விடாமல் ஏறி இறங்கியாயிற்று. கல்யாணம் ஆன நாளிலிருந்து நாங்கள் இப்படி ஊர் சுற்றியதே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

முழுக் கிளாஸ் வாங்க மாட்டோம். மரப்பலகையில் குழி வெட்டி நாலு சின்னக் கிளாஸ் வைத்து ருசி பார்க்கத் தருவார்கள், அதுதான் எங்களுக்கு. அவர் ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணை மூடி, மூக்கை நுரைக்குள் விடாத குறையாக முகர்வார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். கண்ணைத் திறந்து, "இங்க பன்னெண்டு ரூபா கூட," என்பார். வாசனை வரவில்லை என்று அர்த்தம்.

ருசி தெரியாத மனுஷன் வேறு எதைத்தான் ஒப்பிடுவார்? விலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ரயில் நிலையத்துக்குப் பக்கத்து பப்பில் கிளாஸ் பெரிதாகத் தெரியும், ஆனால் அடிக்கண்ணாடி கனம். ஆற்றோரத்துக் கடையில் விலை குறைவு, நுரை மட்டும் இரண்டு விரல். நுரைக்கும் சேர்த்துத்தானே காசு? ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று போர்டு வைத்தவன் முந்தின வாரமே விலையை ஏற்றிவிட்டுத்தான் வைத்தான். எல்லாம் மனப்பாடம். எங்கள் குடியிருப்பில் யார் வீட்டு விருந்து என்றாலும் எங்கே மலிவு என்று இவரைத்தான் கேட்பார்கள். இவரும் பெருமையாகச் சொல்வார். எனக்குத்தான் கேட்கக் கேட்க எரிச்சலாக வரும். பீர் குடிக்க வந்தீர்களா, விலைப்பட்டியலைக் குடிக்க வந்தீர்களா என்று ஒருநாள் கத்தியே விட்டேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

போன மாதம் என் தம்பியும் கூட வந்தான். உத்தியோக உயர்வு கிடைத்த குஷி. இன்று முழுக்க என் செலவு, மாமா விலையைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்று கண்டிஷன் போட்டு எங்களைக் கடைத்தெரு மாடியில் இருக்கும் ஒரு பப்புக்கு இழுத்துக்கொண்டு போனான். ஒரு பெண் தனியாளாக நடத்தும் கடை. விலைப்பலகையில் எழுதியிருந்ததிலேயே கடைசியாக இருந்த பீருக்குத்தான் விலை அதிகம். நாங்கள் சுற்றிய எந்தக் கடையிலும் அப்படியொரு விலையைக் கண்டதில்லை. தம்பி அதையே மூன்று கொண்டுவரச் சொன்னான், முழுக் கிளாஸாக. என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். மேசைக்கடியில் ஒரு மிதி மிதித்தேன், மூடிக்கொண்டார்.

கிளாஸ்கள் வந்தன. தம்பி ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணைச் செருகிக்கொண்டான். இது புளிப்பு வகையாம், விஷயம் தெரிந்தவர்கள் இதற்காக உயிரை விடுவார்களாம், நாக்கு பழகினால்தான் அருமை புரியுமாம். எனக்கு முதல் வாயே தொண்டையில் இறங்கவில்லை. காசு கொடுப்பவன் அவன், சொல்லவா முடியும்? பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினேன்.

அவர் முகர்ந்தார். கண்ணைத் திறந்து பன்னிரண்டு, இருபது என்று ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். திறக்கவில்லை. மறுபடியும் முகர்ந்தார். கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு மேசையை முகர்ந்தார், தன் கையை முகர்ந்தார், திரும்பவும் கிளாஸுக்கே வந்தார்.

"இது நாறுது," என்றார்.

தம்பி சிரித்தான். "விலையப் பாத்ததும் நாறுதா மாமா? உங்களுக்குத்தான் மூக்கே..." என்று ஆரம்பித்தவன் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"இல்லடா. ஈரத் துணிய பக்கெட்டுல ஊறப்போட்டு மறந்துட்டா ஒரு நாத்தம் வருமே, அது." என் பக்கம் திரும்பினார். "உனக்கு வருதா? இல்ல நானா நெனச்சுக்கறேனா?"

நான் கிளாஸை வாங்கி முகர்ந்தேன். ஊறப்போட்டு மறந்த துணியேதான். "நாறுதுங்க," என்றேன். "நல்லாவே நாறுது." சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை சந்தோஷம் நான் சமீபத்தில் பட்டதில்லை.

இந்த வார்த்தை காதில் விழுந்தால் எந்தக் கடைக்காரி சும்மா இருப்பாள்? வந்தாள், ஒரு சொட்டு நாக்கில் வைத்தாள், முகம் சுண்டிப்போனது. விலை அதிகம் என்பதால் அந்த பீரை யாரும் கேட்பதில்லையாம். குழாயிலேயே நின்று நின்று கெட்டுப்போயிருக்கிறது. மன்னிப்புக் கேட்டு, காசு வேண்டாம், வேறு தருகிறேன் என்று கிளாஸ்களை எடுத்தாள். தம்பி தன்னுடையதைச் சத்தமில்லாமல் அவள் பக்கம் நகர்த்தினான். இவர் மட்டும் தன் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்மா. இது எனக்கு இருக்கட்டும்."

இந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்பதுபோல் அவள் என்னைப் பார்த்தாள். காய்ச்சல், டாக்டர், சனிக்கிழமைகள் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கேட்டுக்கொண்டே நின்றவள் உள்ளே போனாள். திரும்பி வரும்போது தட்டில் சின்னச் சின்னக் கிண்ணங்கள். வறுத்த பார்லி, கருக வறுத்த பார்லி, பீருக்குக் கசப்பு ஏற்றுவதற்குப் போடும் காய்ந்த பூ, ஆரஞ்சுத் தோல்.

"ஒண்ணொண்ணா மோந்து பாருங்க சார். அவசரமே இல்ல," என்று எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பார்லி வரவில்லை. கருகியதும் வரவில்லை. ஆரஞ்சுத் தோலை நகத்தால் கீறிப் பார்த்தார், வரவில்லை. பூவைக் கசக்கி உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் முகத்தோடு அணைத்துக்கொண்டிருந்தார், அதுவும் இல்லை என்று தலையாட்டினார். எனக்கு முகம் தொங்கிப்போனது. தம்பி சுவரைப் பார்த்தான். அவர் தட்டை மெதுவாக நகர்த்திவிட்டு, கெட்டுப்போன அந்த பீரைத் திரும்ப மூக்குக்குக் கொண்டுபோனார். இதுவும் போய்விட்டது என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்கு உயிரே இல்லை.

"இருக்கு," என்றார். முகமெல்லாம் சிரிப்பு. "ஒண்ணு வந்துடுச்சுல்ல. மத்ததும் வழி கண்டுபிடிச்சு வரும்."

கையை நீட்டி அந்தக் கிளாஸை வாங்கி நானும் ஒரு வாய் குடித்தேன். சகிக்கவில்லை. மீதியை அவரிடமே கொடுத்துவிட்டேன்.