துணைக் காரணம் மட்டும்தான்

இந்தத் தவணையோடு நான் ஓய்வு பெறுகிறேன். என் இடத்துக்கு வந்திருக்கும் புது ஆசிரியை, உயர்தர வகுப்பு இந்து நாகரிகப் பாடத்துக்காக நான் எழுதி வைத்திருந்த கொப்பியைப் போட்டோக்கொப்பி எடுக்கவென்று வாங்கிக்கொண்டு போனார். மறுநாட் காலையே கொப்பியோடு என் கதிரைக்கு முன்னால் வந்து நின்றார்.

“சேர், இதில ஒரு பக்கம் இல்லை. காரணம் மூண்டு எண்டு தொடங்குது. அடுத்த பக்கம் நேர முத்திக்குப் போயிட்டுது.”

“கறையான் அரிச்சிருக்கும், பிள்ளை.”

“கறையான் இவ்வளவு நேர்கோட்டில அரிக்குமோ சேர்?”

கெட்டிக்காரி. நாளைக்கு எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பி வைத்தேன். அந்தப் பக்கத்தை அரித்தது கறையான் இல்லை. அடிமட்டத்தை வைத்து நானே கிழித்தேன். அதனால்தான் அவ்வளவு நேராக இருக்கிறது.

அவர் போன பிறகு கொப்பியை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் தறப்பாள் மணக்கிறது. வெயிலில் வேகும் தறப்பாளின் மணம் உங்களுக்குத் தெரியாது என்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர். வன்னியில் அந்த நாளில் வீடு, கடை, தபாற்கந்தோர் எல்லாமே அந்த மணம்தான். இதே பாடசாலையும் அப்படித்தான் இருந்தது. சண்டை முடிந்து, முகாம்களிலிருந்து சனம் தர்மபுரத்துக்குத் திரும்பி வந்த முதல் வருடம் அது. கட்டடங்களுக்குச் சுவர் இருந்தது, கூரை இல்லை. உயர்தர வகுப்பை இரண்டு பாலை மரங்களுக்கு நடுவே தறப்பாள் இழுத்துக் கட்டி நடத்தினோம். நான் பரந்தனிலிருந்து சைக்கிளில் வந்து போனேன்.

பல வருடம் தொண்டர் ஆசிரியராகக் கிடந்து, நாற்பத்தைந்தை எட்டும் வயதில் அப்போதுதான் எனக்கு நிரந்தர நியமனம் கிடைத்திருந்தது. தலையில் பாதி நரைத்த புது மாஸ்டர். நடையில் ஒரு முறுக்கு வேறு. பிள்ளைகளும் சின்னப் பிள்ளைகள் இல்லை. படிப்புக் குழம்பிப் போனதால் இருபது, இருபத்தொரு வயதில் வந்து வாங்கில் இருந்தார்கள். அவர்களுக்குத்தான் நான் ஆன்மா என்றால் என்ன, காரண காரியம் என்றால் என்ன, முத்தி என்றால் என்ன என்று விளக்கப் புறப்பட்டேன். நினைத்தால் இப்போது காது சுடுகிறது.

மேசையில் குடிதண்ணீர்ப் பானை ஒன்று இருந்தது, மேலே ஒரு எனாமல் கோப்பை. எனக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை. சாங்கியர் வந்தால் பானையைத் தட்டுவேன். பானை முன்னமே மண்ணுக்குள் இருக்கிறது, குயவன் அதை வெளியே கொண்டு வருகிறான், அவ்வளவுதான் என்பேன். நையாயிகர் வந்தாலும் பானைதான். இல்லை, இது மண்ணில் இல்லாத புதுப் பொருள் என்று அதே பானையை அதே கையால் தட்டுவேன். ஒரே மாதத்தில் எனக்குப் ‘பானை சேர்’ என்று பெயர் விழுந்துவிட்டது. பட்டப்பெயர் வைக்காத வகுப்பு உருப்படாது என்று நானும் விட்டுவிட்டேன்.

வேதாந்தத்துக்கு மட்டும் பானையை விட்டுக் கயிற்றுக்குப் போனேன். மங்கல் வெளிச்சத்தில் கயிறு பாம்பாகத் தெரிகிறது, உலகமும் அப்படியொரு தோற்றம்தான் என்றேன். பின்வாங்கிலிருந்து ஒருவன் கை உயர்த்தினான். “சேர், நாங்கள் திரும்பி வந்து வீட்டைத் திறக்கேக்க கயிறு எண்டு நினைச்சதெல்லாம் பாம்பாத்தான் கிடந்தது.” வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சனம் சிரிப்பதைக் கேட்பதே அப்போது பெரிய விஷயம்.

முத்தியும் அதே கதைதான். மீண்டும் பிறவிக்குத் திரும்பி வராத நிலை என்று கொப்பியைப் பார்த்து வாசித்தேன். “திரும்பி வரத்தானே சேர் இவ்வளவு பாடு பட்டனாங்கள்?” என்றது இன்னொரு குரல். அதற்கும் சிரித்தோம். ஆனால் அந்தச் சிரிப்பு சீக்கிரம் அடங்கிவிட்டது.

பக்கத்துத் தறப்பாளில் அளவையியல் படிப்பித்தவர் ஹனீபா சேர். முல்லைத்தீவுக்காரர். குடும்பம் ஊரிலிருந்து வெளியேற்றப்பட்டு, இருபது வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டு, காணி பார்க்கவென்று திரும்பி வந்திருந்தது. மத்தியானச் சாப்பாடு எங்கள் இருவருக்கும் ஒன்றாகத்தான். இரண்டு தறப்பாளுக்கும் நடுவே சுவர் இல்லாததால் என் பாடம் முழுவதும் அவருக்குக் கேட்கும். “உங்கட ஆக்களில நியாயகாரர்தான் எனக்குத் தோது. மற்றவை எல்லாரும் ஆதாரம் கேட்டால் கோவிப்பினம் போல கிடக்கு” என்பார். சாப்பாட்டுப் பார்சலை விரித்து வைத்துக்கொண்டு தர்க்கம் செய்வோம். மீனில் பெரிய துண்டு எப்போதும் என் பக்கம் வரும், வாதத்தில் வெற்றி எப்போதும் அவர் பக்கம் போகும்.

அந்தப் பக்கத்துக்கு வருகிறேன். சைவ சித்தாந்தத்தில் காரணம் மூன்று. பானைக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக் காரணம், குயவன் நிமித்த காரணம். அதற்குக் கீழே என் கையெழுத்தில் இன்னொரு வரி இருந்தது. ஓர் உயிருக்கு வரும் இன்ப துன்பத்துக்கு அதன் வினையே முதற்காரணம், அதைக் கொண்டுவந்து சேர்க்கும் மனிதரும் பொருள்களும் துணைக் காரணம். பரீட்சைக்கு வரக்கூடிய வரி. இரண்டு முறை நிறுத்தி வாசித்தேன்.

வதனி எழுந்தாள். அவள் முன்வாங்கில் இருந்தாலும் அதுவரை வாய் திறந்ததில்லை.

“சேர், ஒராள் செத்துப்போனால் அவையின்ர வினைதான் முதற்காரணம் எண்டா, அந்தச் சாவுக்கு வழி பண்ணின ஆள் ஆர்?”

“துணைக் காரணம்.” பானைக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு சொன்னேன். “தண்டும் சக்கரமும் மாதிரி.”

“அவ்வளவுதானோ சேர்?”

“துணைக் காரணம் மட்டும்தான்.”

அவள் இருந்து அதை எழுதினாள். அடிமட்டம் வைத்து அடியில் கோடும் போட்டாள். பாடம் முடிந்ததும் பானையிலிருந்து ஒரு கோப்பை தண்ணீர் வார்த்துக் குடித்துவிட்டுப் போனாள்.

அன்று ஹனீபா சேர் பார்சலை விரிக்கவில்லை. “என்ன சேர், செல் அடிச்சவனைத் தண்டும் சக்கரமும் ஆக்கி விட்டிட்டீங்கள்” என்றார். எனக்கு விளங்கவில்லை. “அந்தப் பிள்ளையின்ர தாய் செல் குண்டு விழுந்துதான் செத்தவா. தெரியாதோ?”

தெரியாது. யாருடைய வீட்டில் யார் இல்லை என்று அந்த நாளில் ஒருவரும் கேட்பதில்லை. கேட்கத் தொடங்கினால் பாடம் நடத்த முடியாது. ஒரு தாயைக் கொன்றவனுக்கு, அவளுடைய மகளின் முகத்துக்கு முன்னாலேயே நான் மன்னிப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். செத்தவளின் தலையிலேயே பழியையும் போட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

அடுத்த நாள் வதனி வரவில்லை. அடுத்த கிழமையும் வரவில்லை. வவுனியாவுக்குப் போய்விட்டாள் என்று பிள்ளைகள் சொன்னார்கள். என் ஒரு சொல்தான் அவளைப் படிப்பை விட்டுத் துரத்தியது என்று முடிவு கட்டினேன். ஹனீபா சேருக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். “ஒண்டுக்குப் பிறகு ஒண்டு நடந்தா முதல் நடந்ததுதான் காரணம் எண்டு எடுக்கேலாது. அளவையியலில அதுக்குப் பேர் போலி” என்று ஆறுதல் சொன்னார். அளவையியலில் ஆறுதல் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். நான் கேட்கவில்லை. அன்று பின்னேரம் வகுப்பு கலைந்த பிறகு அடிமட்டத்தை எடுத்தேன்.

பிறகு வந்த வகுப்புகளுக்கெல்லாம் காரணம் மூன்றின் பெயரைச் சொல்லி, பானையைத் தட்டி, நேரே முத்திக்குத் தாவினேன். அந்தப் பகுதியில் வினா வந்த வருடம் என் பிள்ளைகள் அதைத் தொடாமல் விட்டுவிட்டு வந்தார்கள். நான் ஒன்றும் தெரியாதவன் போல இருந்தேன். செத்த வீட்டில் யாராவது “எல்லாம் அதின்ர வினை” என்று தொடங்கினால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். நம்பிக்கை எந்த நாளில் போனது என்று சொல்லத் தெரியவில்லை. வருடா வருடம் ஒரே கொப்பி, ஒரே பானை, ஒரே சொற்கள். சொல்லிச் சொல்லியே களைத்துப் போனேன். ஆன்மா நித்தியம் என்று வாய் சொல்லும், முழங்கால் வலிக்கும்.

போன மாதம் கண் காட்ட வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். நிற்க இடமில்லாத சனம். ஒரு பெண் தன் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு தனக்குப் பக்கத்தில் எனக்கு இடம் விட்டாள்.

“சேர், தெரியேல்லையோ? வதனி. பாலை மரத்தடி வகுப்பு.”

மன்னிப்புக் கேட்பதற்கு என்னிடம் வாக்கியம் ஆயத்தமாக இருந்தது. பதினைந்து வருடமாக வைத்திருந்த வாக்கியம். “பிள்ளை, அண்டைக்கு நான் வகுப்பில சொன்னது…” என்று தொடங்கினேன்.

“அதைத்தான் சேர் நானும் உங்களிட்டச் சொல்லவேணும் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்” என்று அவள் முந்திக்கொண்டாள். பஸ் இரைச்சலில் என் காதுக்குக் கிட்டக் குனிந்துதான் சொன்னாள்.

“அம்மா செத்த அண்டைக்கு எனக்குச் சரியான தண்ணி விடாய் சேர். அம்மா இப்ப வெளியில போகேலாது எண்டவா. நான்தான் அழுது பிடிவாதம் பிடிச்சனான். தண்ணிக் கானை எடுத்துக்கொண்டு பங்கருக்கு வெளியால போனவா. அவ்வளவுதான். அதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. ரெண்டு வருசம் தண்ணியைப் பார்த்தாலே தொண்டை அடைக்கும். நீங்கள் வகுப்பில ‘துணைக் காரணம் மட்டும்தான்’ எண்டு சொன்னீங்கள். அண்டைக்கு இரவுதான் நான் நித்திரை கொண்டனான்.”

அவள் கேட்டது செல் அடித்தவனைப் பற்றி இல்லை. அந்தப் பானையின் முன்னால் நின்று அவள் தன்னைப் பற்றித்தான் கேட்டிருக்கிறாள்.

“பிறகு ஏன் பிள்ளை வகுப்புக்கு வரேல்லை?”

“பெரியம்மா கார்மென்ட்ஸில வேலை எடுத்துத் தந்தவா. தம்பியையும் பாக்க வேணுமே சேர்.” அவள் சாதாரணமாகச் சொன்னாள். ஹனீபா சேர் சொன்ன போலி அதுதான்.

பஸ் மாங்குளத்தைத் தாண்டியது. பிள்ளையின் தலையைத் தடவியபடியே அவள் திடீரென்று கேட்டாள்.

“அது சரிதானே சேர்? இப்பவும் அப்பிடித்தானே படிப்பிக்கிறியள்?”

அவள் முகம் சிரித்தது, கண் சிரிக்கவில்லை. நான் கிழித்தெறிந்த வரியில்தான் அவள் பதினைந்து வருடமாக நித்திரை கொள்கிறாள். எனக்கு அதில் நம்பிக்கை போய் எவ்வளவோ காலம்.

“ஓம் பிள்ளை. அப்பிடித்தான்” என்றேன். “துணைக் காரணம் மட்டும்தான்.”

பரந்தனில் இறங்கிய பிறகு பஸ் நிலைய வாங்கில் கனநேரம் இருந்தேன். நான் வாழ்க்கையில் சொன்ன ஒரே உதவியான வாக்கியத்துக்காகப் பதினைந்து வருடம் வருந்தியிருக்கிறேன். அது போனால் போகட்டும். அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போன ஒவ்வொரு வகுப்பிலும் இன்னும் எத்தனை வதனிகள் கேள்வியோடு இருந்தார்களோ, அதுதான் என்னை எழும்ப விடவில்லை.

இப்போது பாலை மரங்கள் இல்லை. அவை நின்ற இடத்தில் மாடிக் கட்டடம் நிற்கிறது. பானை என்றோ உடைந்துவிட்டது, ஆசிரியர் அறையில் குழாய் வைத்த பிளாஸ்டிக் தண்ணீர் வடிகட்டி இருக்கிறது. ஹனீபா சேர் காணி கிடைக்கும் முன்னமே மௌத்தாகிவிட்டார். யாரைப் பற்றிக் கேட்கிறாய் என்று கேட்காமலே ஒரே மூச்சில் ‘மட்டும்தான்’ என்று சொன்ன அந்த முறுக்கு மாஸ்டரும் இல்லை. அவன் இல்லாதது நல்லதா கெட்டதா என்று இன்றுவரை எனக்கு முடிவு தெரியவில்லை.

இன்று பாடமில்லாத நேரத்தில் அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதினேன். ஒரு சொல்லும் மறக்கவில்லை. கடைசி வரிக்குக் கீழே, புது ஆசிரியைக்கென்று, பென்சிலால் ஒரு குறிப்பும் எழுதி வைத்தேன்:

இந்த இடத்தில் ஒரு பிள்ளை எழுந்து கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்ல வேண்டாம். முதலில் கிட்டப் போய், யாருக்காகக் கேட்கிறாய் என்று கேட்கவும்.