மூங்கில் இலையும் மூக்கரும்

மூங்கில் இலையிலிருந்து சாறு எடுக்கும் அந்தத் தொழிற்சாலையில் அவரை எல்லோரும் மூக்கர் என்றுதான் கூப்பிட்டார்கள். மூட்டை தூக்க வந்து, உலர்த்தும் அறைக்குப் பொறுப்பாளராகி, முப்பது வருஷமாக மூங்கில் இலையோடு மல்லுக்கட்டியவர். சூடான காற்று ஓடும் அந்த அறையில் தட்டுத் தட்டாக இலை காயும். அதன் வாசனை பச்சைப் புல்லிலிருந்து தேயிலைக்கு மாறும்போது கதவைத் திறந்துவிட வேண்டும். முந்தினால் பூஞ்சை பிடிக்கும். பிந்தினால் இலையில் இருக்கும் ஆன்டிஆக்சிடன்ட் சத்து சூட்டில் வீணாகிவிடும். அந்தச் சத்துக்காகத்தான் வறுவல் பாக்கெட் போடுகிற கம்பெனிகள் இந்த இலைச் சாற்றை வாங்குகின்றன. அதைக் கலந்தால் எண்ணெயில் சீக்கிரம் சிக்கு வாடை வராது.

போன மாதம் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. மூன்று நாளில் போனது சரி, போகும்போது வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. சோப்பு, டீசல், மூங்கில் இலை எல்லாம் ஒன்றுதான். மூக்கருக்கு மூக்கு வேலை செய்யவில்லை என்றால் யார் வேலை கொடுப்பார்கள்? அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. இலையை விரலால் நசுக்கி, அது நொறுங்குகிற விதத்தை வைத்துக் கதவைத் திறந்தார்.

அப்படி உலர்த்திய முதல் சரக்கு இன்று பரிசோதனைக்கு வந்தது. முதலாளியே பக்கத்தில் வந்து நின்றார். பரிசோதனைக்கூடத்துப் பெண் ஊதா நிறத் திரவத்தில் சாற்றைச் சொட்டினாள். சத்து இருந்தால் ஊதா வெளுத்து மஞ்சளாக வேண்டும். சீசாவை எடுத்துக் காட்டினாள். ஊதா ஊதாவாகவே இருந்தது.

“என்ன மூக்கரே, இந்தத் தடவை கோட்டை விட்டுட்டீங்களா?” என்றார் முதலாளி.

அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தாள்.

“மன்னிச்சுக்குங்க சார். அரை மணி நேரம் இருட்டுல வச்சிருக்கணும். நீங்க பக்கத்துல நிக்கவும் பதட்டத்துல அஞ்சு நிமிஷத்துலயே எடுத்துட்டேன்.”

சீசா அலமாரிக்குள் போனது. மூக்கர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். ஐம்பத்து நாலு வயசில் வேறு என்ன வேலை கிடைக்கும்? வாட்ச்மேனாகப் போனால்கூட, கேஸ் கசிந்தால் முதலில் சாகிற ஆள் இவர்தான்.

“அண்ணே, வந்து பாருங்க” என்று அவள் கூப்பிட்டாள்.

நல்ல மஞ்சள். போன தடவையைவிட அளவு கொஞ்சம் கூடுதல் என்றும் சொன்னாள். போன உயிர் திரும்பி வந்தது. தன் விரலை ஒருதரம் பார்த்துக்கொண்டார். இத்தனை வருஷம் வேலை செய்தது இதுவும்தான், பெயர் மட்டும் மூக்குக்குப் போயிருக்கிறது. முதலாளியிடம் அங்கேயே உண்மையைச் சொன்னார். அவர் மஞ்சள் சீசாவை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, “சரக்கு நல்லா இருக்குல்ல? அப்புறம் என்ன?” என்று போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடமும் சொன்னார்.

“தெரியும்” என்றாள் அவள். “ரெண்டு வாரம் முன்னாடி காய் அடிப்பிடிச்சு வீடே நாறுச்சு. நீங்க இன்னும் கொஞ்சம் போடுன்னு கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க.”

“அப்பவே கேட்டிருக்கலாமே?”

“கல்யாணமாகி அன்னிக்குத்தான் முதல் தடவையா சமையல் நல்லா இருக்குன்னு சொன்னீங்க. அதை ஏன் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்.”