இசைவாணி மூடி வைத்த பம்ப்

இசைவாணியை நான் திட்டியிருக்கக் கூடாது. திட்டிவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

சிதம்பரத்தில் பச்சிளங்குழந்தைகள் வார்டில் பதினோரு வருடமாக நர்ஸ் வேலை எனக்கு. இசைவாணியின் மகன் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான், ஒன்றரைக் கிலோ. அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம், பிள்ளை எங்களிடம் இருந்தான். அவள் வீட்டில் பம்ப் வைத்துத் தாய்ப்பாலெடுத்து, ஐஸ் பெட்டியில் போட்டு, தினமும் காலையில் பஸ்ஸில் கொண்டுவருவாள். பிள்ளைக்காக அவளால் முடிந்தது அது ஒன்றுதான்.

பன்னிரண்டாம் நாள் பிள்ளை துவண்டுபோனான். இரத்தத்தில் கிருமி. அவள் பம்பைக் கொண்டுவரச் சொல்லிச் சோதித்தால் அதிலும் அதே கிருமி. அவள் பாலை நிறுத்தச் சொல்லிவிட்டார் டாக்டர்.

"எம்பாலு கெட்டுப்போச்சா சிஸ்டர்?"

"பாலுக்கு ஒண்ணுமில்ல. நீதான் பம்ப ஒழுங்கா கழுவல."

"சோப்பு போட்டு கழுவி பத்து நிமிசம் கொதிக்க வெக்கிறேன் சிஸ்டர். எங்க மாமாவகூட தொட விடமாட்டேன்."

மாமா என்றது அவள் புருஷன் அருள்முருகனை. எனக்கு நம்பிக்கை வரவில்லை. மறுநாள் எல்லாவற்றையும் எடுத்துவரச் சொல்லி, என் கண் முன்னால் கழுவிக் கொதிக்க வைக்கச் சொன்னேன். என்னைவிட நன்றாகக் கழுவினாள். அப்படியானால் கிருமி எந்த வழியாக வந்தது?

கொதித்த பாகங்களை எடுத்தாள். சொட்டச் சொட்ட ஒரு டப்பாவில் போட்டு, நாலு பக்கமும் அழுத்தி மூடினாள்.

"ஈரத்தோட ஏம்மா மூடுற?"

"மூடாம எப்படி சிஸ்டர்?" நான் ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டதுபோல் விழித்தாள்.

அவள் பிறந்தது ரசாயனக் கம்பெனிகளை ஒட்டிய குடிகாடு கிராமம், அத்தை மகனைக் கட்டிக்கொண்டு வாழ்வதும் அங்கேயேதான். கம்பெனிப் பக்கமிருந்து காற்று வீசினால் நெடி வரும். சோறு, தண்ணீர், கழுவிய தட்டு எல்லாவற்றுக்கும் அவள் வீட்டில் மூடி உண்டு. துணியைக்கூட வீட்டுக்குள்தான் காயப்போடுவாள். மூடினால்தான் சுத்தம் என்று வளர்ந்தவள்.

"மூடுன ஈரத்துலதான் கிருமி பெருகும். உதறிட்டு, சுத்தமான துணியில பரப்பி, காத்தாட காய விடணும்" என்றேன்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆனால் முகம் தெளியவில்லை.

ஒரு வாரத்தில் பிள்ளை தேறினான். நாளையிலிருந்து பால் கொண்டுவரலாம் என்று டாக்டர் சொன்னதும் அவள் அழுதுவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது. வாசல்வரை போனவள் டப்பாவோடு திரும்பி வந்தாள்.

"காத்தாட காய வெக்கச் சொல்றீங்களே சிஸ்டர், எங்க ஊருல எந்தக் காத்துல வெக்கட்டும்?"

நாளைக்கு அந்தப் பாலைப் பிள்ளை வாயில் விடப்போவது நான்தான். மூடியை ஒரு கையிலும் டப்பாவை மறு கையிலும் வைத்துக்கொண்டு அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.