வாங்குக்குப் பிறகு ஓர் உதை

பொத்துவில் கடற்கரையில் பொழுது சாய்கிறது. பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் வந்த அவுஸ்திரேலியர் கிரெய்க், ஓர் ஆள் குறைந்த உதைபந்தாட்ட அணிக்காக நடுக்களத்தில் விளையாடுகிறார். தன் நாட்டில் முட்டை வடிவப் பந்தாட்டத்தை நடுக்களத்தில் நின்று ஆடிச் சம்பளம் வாங்கியவர். பத்து வருடம் ஆடினாராம். பிறகு முழங்கால் போனது, கழகம் வீட்டுக்கு அனுப்பியது. பஸ் பிந்தியதைச் சொல்வதுபோல்தான் அதையும் சொன்னார்.

அவரை இடறி விழுத்துகிறார்கள். பெனால்டி. அவர் பந்தை வைக்கும்போது பள்ளிவாசலில் மஃரிபுத் தொழுகைக்கு அழைக்கும் வாங்கு கேட்கிறது. மறுகணம் மைதானம் காலி. எல்லோரும் கிணற்றடியில் தொழுகைக்காகக் கை கால் கழுவி உளூச் செய்கிறார்கள்.

கிரெய்க் நகரவில்லை. தங்கள் ஆட்டத்தில் பந்தைப் பிடித்தவனுக்கு, முடிவுச் சைரன் ஊதிய பிறகும் ஓர் உதை உண்டு என்கிறார். நடுவர் கலந்தர் காக்காவிடம் போய்ச் சொல்கிறேன்.

“ஓம், இஞ்சயும் இரிக்கி. நாளைக்கி அசர் தொழுதிட்டு அதே இடத்தில இருந்து அடிக்கட்டும்.”

“விடியப் போறார் காக்கா. ஊரில காலுக்கு ஒப்பரேசன். இனி விளையாட ஏலாதாம்.”

காக்கா தன் காலைக் கழுவி முடிக்கிறார். “அப்ப நிக்கச் சொல்லுங்க. தொழுதிட்டு வாறம்.”

இருபத்தொரு பேரும் திரும்பி வருகிறார்கள். கோல்காரர் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார். மங்கிய வெளிச்சத்தில், பழுதான காலால்தான், கிரெய்க் மூலையைப் பார்த்து உதைக்கிறார். கோல்காரர் பாய்ந்து விழுந்து பிடித்துவிடுகிறார்.

“அவர் எனக்காக விட்டுக்கொடுக்கவில்லை, பார்த்தாயா” என்று கிரெய்க் என்னிடம் இரண்டு தடவை சொல்கிறார். முகமெல்லாம் சிரிப்பு.