நான் விலையைப் பார்த்தேன்

2010 பெப்ரவரி 9, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. மாவடிப்பள்ளியில் மேகமே இல்லாத வெயில்.

யுத்தம் முடிந்த பிறகு எங்கள் ஊருக்குக் கம்பியில்லா இணையம் வந்திருந்தது. "இனி எந்த வியாபாரியும் விவசாயியை ஏமாற்ற முடியாது" என்று திறப்பு விழா மேடையில் முழங்கினார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியனான நானும் நம்பினேன். இணைய நிலையத்தில் முப்பது ரூபாய் கொடுத்துக் கணினி முன் அமர்ந்து கொழும்பு நெல் விலையைப் பார்த்தேன். மூடை ஆயிரத்துத் தொளாயிரத்தைம்பது.

மாலையில் என் மனைவியின் தம்பி லொறியோடு களத்துக்கு வந்தார். அவர் நெல் வியாபாரி. என் நாற்பது மூடை நெல்லும் அங்கே குவிந்து கிடந்தது.

"ஆயிரத்தி எழுநூறு தாறன் மச்சான். இப்பவே ஏத்துவம்."

"ஆரை ஏய்க்கப் பாக்கிறீங்க? நெட்டில விலை பாத்துட்டுத்தான் வந்திரிக்கன்."

"ஓம், படிச்ச மாஸ்டரெல்லோ!" என்று சிரித்தபடி லொறியைத் திருப்பிவிட்டார்.

வானம் வெளித்திருந்ததால் குவியலை மூடாமல் வீட்டுக்குப் போனேன். அன்றிரவு பிடித்த மழை விடியும்வரை ஓயவில்லை. நெல் ஊறிப்போனது. காலையில் அதே லொறி வந்தது. இப்போது ஆயிரத்து இருநூற்றைம்பதாம்.

"மழை வருமெண்டு உங்களுக்குத் தெரியுமா?"

"நானும் அந்த நெட்டிலதான் பாத்தன் மச்சான். நீங்க விலையைப் பாத்தீங்க, நான் மழையைப் பாத்தன்."

சொந்த அக்காவின் வீட்டு நெல்! ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் படங்கு போட்டு மூடியிருப்பேன். வியாபாரியும் அதே இணையத்தைத்தான் பார்ப்பான் என்று மேடையில் முழங்கிய ஒருவராவது சொன்னாரா? இப்போது நான் முதலில் மழையைத்தான் பார்க்கிறேன். ஆத்திரம் மட்டும் அடங்கவில்லை.

அந்த விலைக்கே விற்றதில், முந்தின நாள் அவர் கேட்ட விலையோடு பார்த்தால், நெல்லில் போனது பதினெட்டாயிரம். கணினிக்குக் கொடுத்ததையும் சேர்த்தால், பதினெட்டாயிரத்து முப்பது ரூபாய்.