கீழ்வீட்டுக்குக் கேட்காத கீபோர்டு

கத்தரி அக்காவின் வலது கையைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தியவன் அவளைத் தொட்டுத் தாலி கட்டிய புருஷன்தான். வேன் டிரைவர். அவன் வீட்டுக்குள் நுழையும்போது அவள் தரையில் உட்கார்ந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் கீபோர்டில் டொய்ங் டொய்ங் என்று தட்டிக்கொண்டிருந்தாள். "சோறு வைக்கத் துப்பில்ல, மகாராணிக்குப் பியானோ கேக்குதோ?" என்று அதன்மேல் ஏறி மிதித்தான். கட்டைகள் பல் தெறித்தாற்போல் அறை முழுக்கத் தெறித்தன. எழுந்து ஓடப் பார்த்தவள் கதவைப் பிடித்தாள். அவன் முழுப் பலத்தோடு இழுத்துச் சாத்தினான்.

மோதிர விரலும் சுண்டு விரலும் நசுங்கின. அப்போதும் அவள் கத்தவில்லை. தோளில் கிடந்த துண்டை வாயில் திணித்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் வழக்கம். அடி எவ்வளவு விழுந்தாலும் கீழ்வீட்டுக்கு ஒரு முனகல் போய்விடக் கூடாது. போனால் மானம் போய்விடும் என்று நினைத்திருந்தாள். பைத்தியக்காரி.

மறுநாள் டயர் கடையில் வேலை பார்க்கும் அவள் தம்பி வந்தான். அக்காவின் கைக்கட்டைப் பார்த்தான். மச்சானின் சட்டையைப் பிடித்து மாடிப்படி நெடுக இழுத்துக்கொண்டு போய், வாசலில் வைத்து மூஞ்சியைப் பெயர்த்துவிட்டான். டிரைவர் முன்பல் இரண்டைத் துப்பிவிட்டுப் போனவன்தான், திரும்பி வரவில்லை. வக்கீல் மூலம் விவகாரம் முடிந்தது. இதைச் சொல்கிற நான் நல்லவன் வேஷம் போடப் போவதில்லை. அந்தப் பல் விஷயத்தில் எனக்குப் பரம திருப்தி.

ஆனால் விரல்கள் திரும்பவில்லை. அக்கா தைப்புக் கம்பெனியில் துணி வெட்டுகிறவள். பெரிய கத்தரியின் கீழ்வளையத்தை இறுக்கிப் பிடிப்பது அந்தக் கடைசி இரண்டு விரல்கள்தான். அவை பிடி கொடுக்காவிட்டால் வெட்டு கோணிப்போகும். "கை சரியாகுற வரைக்கும் தைச்ச துணியில நூல் பிசிறு எடு. ஆகலேன்னா அங்கேயே இருந்துக்க வேண்டியதுதான்" என்றார் கட்டிங் மாஸ்டர். கத்தரி அக்கா என்று பேர் வாங்கியவளுக்குப் பிசிறு எடுக்கும் மூலையில் உட்கார்வதைவிட நாண்டுகொண்டு சாகலாம் போலிருந்தது.

ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னாள் பிசியோதெரபி பெண். அமுக்கி அமுக்கி அலுத்துவிட்டது. "திருப்பித் தள்ளுற எதையாவது அமுக்கணும்க்கா, ஒவ்வொரு விரலாத் தனித்தனியா" என்று அவள் சொன்னதும், அக்கா சம்பள நாளன்று நேரே வாத்தியக் கடைக்குப் போனாள்.

கடைக்காரப் பையன் முதலில் மினுமினுவென்று விளக்கு எரிகிற ஒன்றைக் காட்டினான். ஐந்நூறு விதச் சத்தமாம், தாளம் தானே அடிக்குமாம். அக்கா சுண்டு விரலை வைத்தாள். கட்டை பஞ்சாக இறங்கியது. "இது விளையாட்டுச் சாமான். அமுக்கினா எதுத்து நிக்கிறது வேணும்" என்றாள்.

"அப்ப வெயிட்டட் கீ தான்க்கா. ஒவ்வொரு கட்டைக்குள்ளயும் குட்டிச் சுத்தியல் இருக்கும். நிஜப் பியானோ மாதிரி கனக்கும். ஆனா விலையும் கனக்கும்."

பார்வைக்கு வைத்து ஓரம் கீறல் விழுந்த ஒன்று மூலையில் மலிவாகக் கிடந்தது. அக்கா துணி பார்க்கிற மாதிரி அதைப் பார்த்தாள். ஒவ்வொரு கட்டையையும் பக்கவாட்டில் ஆட்டி, ஆட்டம் கொடுக்கிறதா என்று சோதித்தாள். மெதுவாக அமுக்கினால் மெதுவாகவும், ஓங்கி அடித்தால் ஓங்கியும் ஒலிக்கிறதா என்று கேட்டாள். இடது கோடிக் கட்டைகள் இன்னும் கனத்தன. சுண்டு விரல் நடுங்கிக்கொண்டே ஒன்றை அடிவரை அமுக்கியது. வலி தோள்வரை ஏறியது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

கடைசியாக ஒன்று கேட்டாள். "ஹெட்போன் மாட்டிக்கிட்டா வெளிய கேக்காதுல்ல?"

"ஈ காக்காய்க்குக் கூடக் கேக்காதுக்கா."

அதை வாங்கி வந்த பிறகு தினமும் வேலை விட்டு வந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். போனில் பாடம் ஓடும். அவள் வாசித்தாள் என்று சொல்ல மாட்டேன், குத்தினாள். டிரைவரின் மூஞ்சியை நினைத்துக் குத்தினாள், தன் வாயில் திணித்த துண்டை நினைத்துக் குத்தினாள். விரல்களில் மெல்ல உயிர் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கதவு அதிர்வதைப் பார்த்து எழுந்தாள். கீழ்வீட்டு சார் நின்றிருந்தார். ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். படியில் பார்த்தால் சிரிக்காமல் போக மாட்டார்.

"என்னம்மா மேல, தொம் தொம்னு? ஒரு மாசமா மனுஷன் உக்கார முடியல."

"ஹெட்போன் போட்டுத்தானே சார்..." என்று கதவோரம் இருந்த கீபோர்டில் ஒரு கட்டையை அமுக்கிக் காட்டியவள், ஹெட்போன் காதில் இல்லாததால் அப்போதுதான் தானே அதைக் கேட்டாள். தொம். உள்ளே இருந்த சுத்தியல் விழுந்து, ஸ்டாண்டின் கால் வழியே தரைக்கு இறங்கியது. அவளுக்கு உடம்பே கூசியது. "மன்னிச்சுக்கங்க சார். நாளைக்கே கீழ ரப்பர் ஷீட் போட்டுடறேன்."

அவர் குரல் தணிந்தது. "உன்னைக் குறை சொல்லலம்மா. முன்னாடியும் சத்தம் வரும்தான், நாங்க ஒரு வார்த்தை கேட்டிருப்போமா? அது பத்து நிமிஷத்துல அடங்கிடும். இது அடங்கவே மாட்டேங்குது."

"முன்னாடின்னா?"

"உங்க வீட்டுக்காரர் இருந்தப்ப. நீ விழறது, இழுபடறது, எல்லாம் தலைக்கு மேலதானே? புருஷன் பொண்டாட்டி விஷயம், நமக்கெதுக்குன்னு டிவிய கொஞ்சம் சத்தமா வச்சுக்குவோம்."

அக்கா வலது கையைத் தூக்கிக் காட்டினாள். "என் கை ஒடஞ்ச அன்னிக்கு?"

"கதவு சாத்துற சத்தம் கேட்டுது" என்றார் அவர், சாதாரணமாக.

அவள் ஓங்கி விட்ட அறையில் அவர் சுவரில் போய் மோதினார். மூக்குக் கண்ணாடி படியில் உருண்டது. கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. கடைசி இரண்டு மட்டும் கொஞ்சம் மங்கலாக.

கீழே கதவு படாரென்று திறந்தது. "மேல என்ன சத்தம்? யாருக்கு என்ன ஆச்சு?" என்று அலறியபடி அவர் மனைவி படியேறி ஓடி வந்தாள்.